ரக்பிச் சொற்களை வைத்துத் தமிழில் குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதுவது எப்படி: கொழும்பு வாசகருக்கு ஒரு முழு வழிகாட்டி

கொழும்பில் பள்ளிக்கூட ரக்பிப் பருவம் வந்துவிட்டால் ட்ரை, ஸ்க்ரம், பாஸ், டச் எல்லாம் தமிழ் வீடுகளிலும் சாதாரணமாகப் புழங்கும். றோயலும் திரித்துவமும் மோதும் பிரட்பி கேடயம் என்றால் என்னவென்று மைதானப் பக்கமே போகாதவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்ததும் குறுக்கெழுத்துப் பக்கத்தைத் தேடுகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் கட்டத்துக்குள் ரக்பி வரும்போது பெரும்பாலும் கிடைப்பது, "பதினைந்து பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு (3)" என்கிற மாதிரி நேர்க்கேள்விதான். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விடலாம். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

நான் இங்கே சொல்லப்போவது புதிர்க் குறிப்பைப் பற்றி. மேலோட்டமாகப் படித்தால் ஓர் ஆட்டமோ ஒரு காட்சியோ தெரிய வேண்டும், எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் விடை பிசகில்லாமல் வர வேண்டும். இந்த வேலைக்கு ரக்பிச் சொற்களைப் போலக் கைகொடுப்பவை குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் மைதானத்துக்கு வெளியே இன்னொரு பொருளும் உண்டு. அந்த இன்னொரு பொருளைக் கண்டுபிடிப்பதுதான் குறிப்பு எழுதுபவரின் முழு வேலை.

1. குறிப்பின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிர்க் குறிப்பில் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று நேர்ப்பொருள்: விடையின் அர்த்தத்தைச் சொல்வது. அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவில், நடுவில் புதைக்கக்கூடாது. அடுத்தது சொல்விளையாட்டு: அதே விடையை எழுத்துகளைக் கொண்டு கட்டிக்காட்டுவது. மூன்றாவது அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்து எண்ணிக்கை.

தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர், மெய், உயிர்மெய் எதுவானாலும் ஒன்றுதான். பந்து என்றால் ப, ந், து: மூன்று. கோடு என்றால் இரண்டு. இதிலிருந்து முக்கியமான ஒரு விதி வருகிறது. எழுத்தை வெட்டலாம், கலைக்கலாம், புரட்டலாம். ஆனால் உயிர்மெய்யை உடைக்கக்கூடாது. "கூதல்" என்பதிலிருந்து க் என்ற மெய்யை மட்டும் கழற்றி "ஊதல்" எடுத்தால், நிரப்புகிறவர் கோபப்படுவார். அவர் கோபம் நியாயமானது.

2. முதலில் ஆட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நேர்ப்பொருள் பொய்யானால் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. ஆகவே அடிப்படையைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எதிரணியின் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் வைக்கும் ட்ரைக்கு 5 புள்ளி, அதன் பின் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் கொன்வேர்ஷனுக்கு 2, பெனால்டிக்கும் ட்ரொப் கோலுக்கும் 3. ட்ரைக்கு 5 வந்தது 1992இல்தான். அதற்கு முன்னால் 4. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பிழையாகிவிடும்.

ரக்கும் மோலும் அடிக்கடி குழம்புகிற இடம். பந்து தரையில் கிடக்க, இரு பக்கத்து வீரர்களும் அதற்கு மேலால் நின்றபடி முட்டினால் ரக். பந்தை வைத்திருப்பவர் காலூன்றி நிற்க, எதிரணிக்காரர் அவரைப் பிடித்திருக்க, சொந்த அணிக்காரரும் வந்து ஒட்டிக்கொண்டால் மோல்.

கோடுகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கவாட்டுக் கோட்டில் பந்து பட்டாலே டச், அதாவது வெளியே போய்விட்டதாகக் கணக்கு. ட்ரை கோடு அப்படியில்லை. கோட்டின் மேலேயே பந்தை வைத்தாலும் ட்ரைதான். ஆகவே "கோட்டைத் தாண்டினால்தான் ட்ரை" என்று ஒரு குறிப்பில் எழுதினால் ரக்பி தெரிந்தவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

கடைசியாக, கையால் எறியும் பந்து முன்னால் போகக்கூடாது. இந்த ஒரு சட்டம் நமக்குப் பின்னால் பெரிய உதவி செய்யப்போகிறது.

3. இரட்டைப் பொருளில் தொடங்குங்கள்

புதிதாக எழுதுகிறவருக்கு இதுதான் வாசல். காளமேகப் புலவரின் சிலேடைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது கைவந்த வித்தைதான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளை எடுத்து, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்க வேண்டும். ரக்பி தொடர்பான சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "வேறு எங்கே கேட்டிருக்கிறேன்?" என்று யோசித்துப் பாருங்கள்.

புள்ளி. மைதானத்தில் எடுப்பது. இலக்கணத்தில் மெய்யெழுத்தின் தலையில் வைப்பது. மெய் என்றால் உடம்பும்கூட. அவ்வளவுதான், குறிப்பு தானாகவே வந்துவிடுகிறது:

*மெய்யின் தலையில் ஒன்று, ட்ரை வைத்தவனுக்கு ஐந்து (3)*

படிக்கிறவர் கண்ணுக்குத் தலையில் அடிபட்ட ஒரு வீரன் தெரிவான். விடை அதற்குள் அமைதியாகக் கிடக்கும்.

அட்டை. நடுவர் மஞ்சளாகவும் சிவப்பாகவும் காட்டுவது. மழைக்காட்டில் காலில் ஏறி இரத்தம் குடிப்பதும் அதே.

*சிங்கராஜவில் காலில் ஏறுவது, நடுவர் சட்டைப்பையில் இருப்பது (3)*

கோடு. இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இலங்கைத் தமிழரால்தான் இதை உடனே பிடிக்க முடியும். "கோடு கச்சேரி என்று அலைகிறான்" என்று சொல்கிறோம் அல்லவா? அந்தக் கோடு நீதிமன்றம். கொழும்பில் நீதிமன்றங்கள் இருப்பது புதுக்கடையில். சீ.ஆர். அண்ட் எப்.சி. ரக்பிக் கழகத்தின் மைதானம் இருப்பது லோங்டன் பிளேசில்.

*புதுக்கடையில் ஏறி இறங்குவது, லோங்டன் பிளேசில் தாண்டிப் போவது (2)*

காயத்துக்கு ரொம்ப மினக்கெடவே தேவையில்லை. சித்தர் பாடல்களில் காயம் என்றால் உடம்பு. ஆகவே: *உடம்பு, உடம்பில் பட்டது (3)*. இவ்வளவு சின்னதாக ஒரு குறிப்பு அமைவது அபூர்வம். அமைந்தால் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

அணி என்ற சொல்லும் அப்படியே. *உவமையும் ஒன்று, பதினைந்து பேரும் ஒன்று (2)*.

ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் எழுத்தில் உட்கார்ந்துவிட்ட சொற்களையும் விடாதீர்கள். ஆங்கிலத்தில் வெவ்வேறாக ஒலிக்கும் சொற்கள் தமிழில் ஒரே எழுத்தாகிவிடுவது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மோல் என்றால் ரக்பியில் ஆளோடு ஆள் ஒட்டித் தள்ளுவது. காலிமுகத்திடலுக்கு எதிரே ஏசி போட்டு நிற்பதும் மோல்தான். லொக் என்றால், இரு அணியும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் இரண்டாம் வரிசைக்காரர். இருமல் சத்தமும் லொக்தான். பாஸ் மூன்று வேடம் போடும்:

*ஓ.எல். எழுதியவன் ஆனது, வீட்டுக்குச் சுவர் கட்ட வந்தவர், பந்து கைமாறியது (2)*

மேசன் பாஸை வீட்டுக்குக் கூப்பிடாத குடும்பம் கொழும்பில் ஏது? ஆனால் இதே குறிப்பைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்தால் நடுப்பகுதி அவருக்குப் புரியாது. யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. துண்டு துண்டாகச் சேர்ப்பது

தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுப் பாட்டுகளில், வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. பல கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றின் விடையையும் வரிசையாகச் சேர்த்தால் கடைசி விடை வரும். ஆங்கிலப் புதிர்க்காரர் இன்றைக்கும் செய்வது இதையேதான். அதே நூல் பேசும் அக்கரச்சுதகம் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது, எழுத்து வருத்தனம் கூட்டிக்கொண்டே போவது, மாலைமாற்று திருப்பிப் படிப்பது. புதிர்க் குறிப்புக்கு வேண்டிய கருவி முழுக்க நம் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

மைதானம் என்ற சொல்லைப் பாருங்கள். மை, தானம்.

*கண்ணுக்கு இட்டது, ஏழைக்கு இட்டது, இரண்டும் சேர விளையாடக் கிடைத்தது (4)*

இட்டது என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொருந்துவதால் வாக்கியம் இழுபடாமல் நிற்கிறது. துண்டுகளை இணைக்கும்போது இப்படிப் பொதுவான வினை ஒன்று கிடைக்குமா என்று தேடுங்கள்.

தள்ளுபடி இன்னொரு நல்ல சொல். ஸ்க்ரமில் கத்துவது "தள்ளு!". வீட்டில் பிள்ளைக்குச் சொல்வது "படி!".

*ஸ்க்ரமில் கேட்கும் கூச்சல், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லும் புத்தி: புறக்கோட்டைப் புடவைக்கடையில் கிடைக்கும் (5)*

விடுதலையும் அதே வகை. ரக்பியில் தோளுக்கு மேலே பிடித்துத் தடுப்பது ஆபத்தான ஆட்டம், அட்டை வரைக்கும் போகலாம். "விடு, தலை!" என்று நடுவர் கத்துகிற மாதிரியே சொல் பிரிகிறது. *பிடியைத் தளர்த்து, தோளுக்கு மேலே இருக்கிறது: வெலிக்கடையில் காத்திருப்பவன் கேட்பது (4)*.

இனி, நான் மிகவும் ரசிக்கிற ஒரு வழி. ரக்பியில் ஒவ்வோர் இடத்துக்கும் நிலையான இலக்கம் உண்டு. ஹூக்கர் 2, லொக் இருவரும் 4, 5, பிளாங்கர் இருவரும் 6, 7, ஸ்க்ரமின் கடைசியில் நிற்பவர் 8, ஸ்க்ரம் ஹாஃப் 9, பிளை ஹாஃப் 10. தமிழ் எண்கள் எழுத்துகளாகவே இருக்கின்றன: க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய. முதல் பத்து சட்டைகளும் அப்படியே எழுத்தாகிவிடுகின்றன! ஹூக்கர் வந்தால் உ. எட்டாம் இலக்கம் வந்தால் அ. பிளை ஹாஃப் வந்தால் ய. ட்ரையின் ஐந்து புள்ளிகூட ரு ஆகலாம்.

*எட்டாம் இலக்கக்காரர் கப்பலுக்கு முன்னால்: மைதானத்தில் 70 மீற்றரைத் தாண்டாதது (4)*

அ, அதன் பின் கலம். அகலம். ரக்பி மைதானத்தின் அகலம் 70 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம், ஆகவே நேர்ப்பொருளும் உண்மை. *ஹூக்கரோடு பொங்கல் மாதம் சேர, பந்துக்கு விழுவது (2)* என்றால் உ, தை: உதை.

டச்சு என்ற சொல்லை இரண்டு விதமாகவும் கட்டலாம். டச் என்பதோடு சுங்கத்தின் முதல் எழுத்தைச் சேர்க்கலாம், ஆறாம் இலக்க பிளாங்கரையும் சேர்க்கலாம். இரண்டும் சு தான். *கோட்டுக்கு வெளியே பிளாங்கர்: 1656 முதல் கொழும்பை ஆண்டவர் மொழி (3)*. ஒரே ஒரு எச்சரிக்கை. பிளாங்கர் 6 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம் என்பதால் நிரப்புகிறவர் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டிவரும். அது சிரமமே தவிர ஏமாற்று இல்லை.

5. ஒளித்து வைப்பது: ஒரு குறிப்பு உருவாகும் விதம்

கேடயம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் முதன்முதலில் ரக்பியில் மோதியது 1920இல். றோயலின் அதிபராயிருந்த பிரட்பி கொடுத்த கேடயத்துக்காக ஆடத் தொடங்கியது 1945இல். கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ஆட்டம். இரண்டின் புள்ளியையும் கூட்டிப் பார்த்தே கேடயம் யாருக்கு என்று முடிவாகும். இவ்வளவு கதை பின்னால் இருக்கிற சொல்லைச் சும்மா விடலாமா?

பிரித்துப் பார்த்தால் கேட, யம். உதவாது. கேடு என்று தொடங்கலாம் என்றால் டு இல்லை, ட தான் இருக்கிறது. கலைத்துப் பார்த்தாலும் வேறு சொல் வரவில்லை. சரி, பின்பக்கத்திலிருந்து பார்ப்போம். ட, ய, ம். டயம்! "டயம் என்ன?" என்று கேட்கிறோமே, அதே டயம். அதற்கு முன்னால் கே என்று முடிகிற சொல் ஒன்று வேண்டும். அங்கே, இங்கே, எங்கே, எல்லாமே கே தான். "எங்கே டயம்" என்று எழுதினால் கேடயம் உள்ளே வந்துவிட்டது.

இனி, உள்ளே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் சைகைச் சொல் வேண்டும். முதலில் தோன்றுவது "உள்ளே", "நடுவில்", "ஒளிந்த" போன்றவை. எதுவும் தப்பில்லை, ஆனால் வாக்கியத்தில் ஒட்டவில்லை. "எங்கே டயம்?" என்பது ஒருவர் பேசுகிற பேச்சு. பேச்சுக்குப் பின்னால் இயல்பாக வருவது "என்பதற்குள்". "என்று சொல்லி முடிப்பதற்குள்" என்றும் அது பொருள் தரும், "என்ற சொற்களுக்குள்ளே" என்றும் பொருள் தரும்.

*"எங்கே டயம்?" என்பதற்குள் பிரட்பி பரிசு (4)*

கடைசி நிமிடத்தில் ஓடி எடுத்த ஒரு ட்ரையும், அதற்குப் பிறகு எழுந்த ஆரவாரமும் இந்த வாக்கியத்தில் எனக்குக் கேட்கிறது. ரக்பியில் நேரம் முடிந்த பிறகும் பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் நிற்பதில்லை. அதனால் மேலோட்டமான காட்சிகூடப் பொய்யில்லை.

கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டுமானால் நேர்ப்பொருளில் கை வையுங்கள். "பிரட்பி பரிசு" இலகு. "இரண்டு ஆட்டத்தைக் கூட்டிக் கொடுப்பது" கொஞ்சம் கடினம். "வாளின் துணை" என்றால் ரக்பியே மறைந்துவிடும். சொல்விளையாட்டு கடினமாக இருந்தால் நேர்ப்பொருளை இலகுவாக வையுங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் நிரப்புகிறவர் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்.

கம்பமும் இப்படி ஒளியும்: *சங்கம் பம்பரமாய்ச் சுழல நடுவே எச் எழுத்தாய் நிற்பது (4)*. சங்[கம் பம்]பரமாய். வல்லினம் மிகுந்து வரும் ச், க், த், ப் போன்றவையும் எழுத்துதான் என்பதை ஒளிக்கும்போது மறக்காதீர்கள். விடைக்கு நடுவில் அப்படி ஒன்று நுழைந்தால் அதையும் எண்ண வேண்டும். வசதியில்லை என்று சந்தியை விட்டு எழுதுவது கள்ள ஆட்டம்.

6. மைதானத்து வினைகளையே சைகையாக்குங்கள்

ரக்பியின் செல்வம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரம், ரக், மோல், தள்ளுமுள்ளு என்று எது வந்தாலும் எழுத்துகளைக் கலைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

*ஸ்க்ரமில் சிக்கிய நகரம் பாவிகளுக்கு (4)*

நகரம் கலைந்தால் நரகம். மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் நின்றவருக்கு இதில் விளக்கமே தேவைப்படாது.

கையால் எறிவது முன்னால் போகக்கூடாது என்று பார்த்தோமே, அது திருப்பிப் படிக்கச் சொல்லும் சைகை. *சிவா பின்னோக்கி எறிய, படி (2)*. சிவா திரும்பினால் வாசி. மேலிருந்து கீழ்ச் சொல்லுக்கு "பின்னோக்கி" பொருந்தாது. "மேலே உதைத்தால்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் குறைக்க வேண்டுமானால் தலைவரை வெளியேற்றுங்கள். முதல் எழுத்துத்தான் சொல்லின் தலை. *தலை போன கவசம் கையில் (3)*: கவசத்தில் க போனால் வசம். "பந்து எங்கள் வசம்" என்றால் பந்து எங்கள் கையில். கடைசி எழுத்தை எடுக்கப் "புல் பெக் இல்லாமல்" என்று சொல்லிப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் தனியாக நிற்பவர் அவர்தான். அது ரக்பி நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும்.

ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்க "பாய்ந்தான்", "இடையில் புகுந்தான்" எல்லாம் உதவும். *கதைக்குள் விங் முதலில் பாய, பாரதி தந்தது (3)*. விங் என்பதன் முதல் எழுத்து வி. அது கதைக்குள் பாய்ந்தால் கவிதை.

7. வேற்றுமை உருபு என்ற கண்ணிவெடி

தமிழில் புதிர் எழுதுகிறவரை அதிகம் சோதிப்பது இதுதான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நம்மிடம் பந்து பந்தை ஆகிவிடும், நகரம் நகரத்துக்கு ஆகிவிடும். கலைக்க வேண்டிய எழுத்தே காணாமல் போய்விடும்.

தப்பிக்க மூன்று வழி சொல்கிறேன். முதலாவது, மூலச்சொல்லை எழுவாயாக வையுங்கள். "நகரம் ஸ்க்ரமில் சிக்கியது" சரி, "நகரத்தை ஸ்க்ரமில் சிக்கவைத்தான்" சரியில்லை. இரண்டாவது, பேச்சாக்கி "என்பதற்குள்", "என்றதும்", "எனும்" என்று ஒட்டுங்கள். கேடயம் பிழைத்தது அப்படித்தான். மூன்றாவது, உருபு ஏற்றே ஆகவேண்டுமானால் இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். கதை, அணி, புள்ளி, அட்டை எல்லாம் உருபு ஏற்றாலும் உருக்குலையாமல் முழுசாகவே நிற்கும். கதைக்குள், அணியில், புள்ளிக்கு. கவிதைக் குறிப்பில் "கதைக்குள்" என்று தைரியமாக எழுத முடிந்தது அதனால்தான்.

பழகிவிட்டால் உருபுகளே உங்களுக்கு வேலை செய்யும். இல், உள், ஓடு, இன்றி எல்லாம் ஒற்றைச் சொல்லில் முடிகிற சைகைகள். அதிலும் ஓடு! "பந்தோடு ஓடு" என்பதில் அது இரண்டு தரம் வருகிறது, கூரையிலும் கிடக்கிறது.

8. எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள்

ரக்பியா, றக்பியா? இரண்டும் இங்கே அச்சில் வருகிறது. ட்ரை, டிரை, லொக், லாக், ஸ்க்ரம், ஸ்க்றம்... கட்டம் போடுவதற்கு முன்னாலேயே ஒன்றைத் தீர்மானித்து, எல்லா இடத்திலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் கொழும்பில் நாம் உச்சரிக்கிற மாதிரியே எழுதுவது. சென்னைப் பாணியில் மோல் மால் ஆகிவிடும். அப்போது கடைத்தொகுதியோடு திருமாலும் வந்து சேர்ந்துகொள்வார். அங்குள்ளவர் எழுதினால் அது அவருக்கு அருமையான குறிப்பு. நமக்கு நம்முடையது.

ட்ரை போல மெய்யில் தொடங்கும் சொற்களைக் கட்டத்தில் போடும்போது முதல் கட்டம் இன்னொரு சொல்லின் முதல் எழுத்தாகவும் இல்லாதபடி பாருங்கள். ட் இல் தொடங்கும் இரண்டாவது சொல் கிடைப்பது கஷ்டம். ம், ல், ர் இல் முடிகிற சொற்களை வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வைத்தால் வேலை சுலபம். கட்டம் பற்றி இதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டியதில்லை. சாதாரணக் குறுக்கெழுத்துக்குச் செய்வதுதான்.

9. ஆங்கிலக் கட்டத்தில் ரக்பி வந்தால்

ஆங்கிலப் பத்திரிகைப் புதிரையும் போட்டுப் பார்க்கிறவருக்குச் சில வார்த்தைகள். குறுக்கெழுத்து பிறந்தது நியூயோர்க்கில், 1913 டிசம்பர் 21இல், ஆர்தர் வின் என்பவர் கையால். ஆனால் அதைப் புதிர்க் குறிப்பாக வளர்த்தவர்கள் பிரித்தானியர். லண்டன் டைம்ஸ் 1930 பெப்ரவரியில் தொடங்கியது. ஆகவே அங்கே விளையாட்டு என்றால் கிரிக்கெட்டும் ரக்பியும்தான் முன்னால் நிற்கும். "ஆட்டம்" அல்லது "யூனியன்" என்று வந்தால் ஆர், யூ (ரக்பி யூனியன்) என்ற இரண்டெழுத்தைச் சந்தேகியுங்கள். "பதினைந்து பேர்" அல்லது "அணி" என்றால் ரோமன் எண்ணில் எக்ஸ், வீ. "ஆதரவு" ஸ்க்ரமின் முன்வரிசைக்காரரான புரொப் ஆகலாம், "கூந்தல்" லொக் ஆகலாம், "வழக்கு விசாரி" ட்ரை ஆகலாம். குளியலும் விற்பனையும் வந்தாலும் கவனம்: பாத், சேல் இரண்டும் இங்கிலாந்தின் ரக்பிக் கழகங்கள்.

10. வெளியே கொடுப்பதற்கு முன்னால்

குறிப்பை எழுதி ஒரு நாள் ஆறப்போடுங்கள். பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள்: ஒருவர் ரக்பிப் பைத்தியம், மற்றவருக்கு ரக்பியே தெரியாது. ரக்பி தெரிந்தவர் நேர்ப்பொருளில் பிழை பிடிப்பார். தெரியாதவர், சொல்விளையாட்டை மட்டும் வைத்து விடைக்கு வர முடிகிறதா என்று காட்டுவார். அவரால் வர முடியாவிட்டால் குறிப்பில் ரக்பி அறிவு அதிகம், புதிர் குறைவு. திருத்துங்கள். "இதைத் தவிர வேறு விடையும் பொருந்துகிறதே, அக்கா" என்று யாராவது சொன்னால் வாதாடாமல் குறிப்பை மாற்றிவிடுங்கள்.

பயிற்சிக்கு நான்கு தருகிறேன்.

*தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் முட்டுவது, இரண்டாம் அணியும் சேர, முழு ஆட்டம் (3)*

*பழைய பந்தின் மேலுறை, விசில் தொடங்க: எதிரணிக்கு நாம் கொடுக்க நினைப்பது (3)*

*கூரையில் அடுக்கியது, பந்து கிடைத்ததும் பயிற்சியாளர் கத்துவது (2)*

*சொந்தக்காரன், உதைபட்டுக் கம்பத்துக்கு மேலால் போவது (3)*

விடைகள்: ரக்பி (ரக், பி அணி). தோல்வி (தோல், வி, இந்தக் காலத்துப் பந்து தோலில் செய்யப்படுவதில்லை என்பதால் "பழைய" என்ற சொல் அவசியம்). ஓடு. பந்து (பந்து என்றால் உறவினன் என்றும் பொருள்).